அனுராதா கழுவிய ஸ்டவ்

ஸ்டவ்வில் ஊறியிருந்த மண்ணெண்ணெய் வாடையைப் போக்க அனுராதாவுக்கு ஒன்பது நாள் பிடித்தது.

அது அவள் புருஷன் குணசேகரனின் ஸ்டவ். பித்தளை பம்பு ஸ்டவ். நின்று எரிந்தால் இருபது பேருக்குச் சோறு வடித்துவிடலாம். மூன்று கால்களில் ஒன்று உடைந்து பற்றவைத்தது. ஒன்பது வருடமாக அவன் அதைத் தூக்கிக்கொண்டு இமயமலைப் பக்கம் போய்வந்துகொண்டிருந்தான். மலை ஏறுவதற்கென்றே சென்னையிலிருந்து கிளம்புகிறவர்களுக்குப் பொங்கலும் ரசமும் வைத்துப் போடுவது அவன் வேலை. அதற்கு முன்னால் கல்யாணச் சமையல் கோஷ்டிகளில் கரண்டி பிடித்தவன். போன செப்டம்பரில், லடாக்கில் ஒரு ஓடைக்கரையில், எல்லோருக்கும் சாப்பாடு போட்டுவிட்டுக் கூடாரத்துக்குள் படுத்தவன் காலையில் எழுந்திருக்கவில்லை. தூக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டதாக டாக்டர் எழுதிக் கொடுத்தார். வயது நாற்பத்தாறு.

உடம்பு விமானத்தில் வந்தது. ஸ்டவ், கூடாரங்களோடும் அண்டா குண்டான்களோடும் லாரியில் ஏறி, ஒரு மாதம் கழித்து வந்து சேர்ந்தது.

சாவு வீட்டில் அனுராதா அழவில்லை. பக்கத்து ஊரான கனகம்மாசத்திரத்திலிருந்து வந்திருந்த பெண்கள் அவள் தோளைப் பிடித்து உலுக்கினார்கள். அழுதுவிடு, அழுதுவிடு என்றார்கள். ஒருத்தி கன்னத்தில் லேசாக அறைந்துகூடப் பார்த்தாள். பெட்டியைத் திறந்தபோது அவள் கண்ணில் பட்டது அவன் சட்டைக் காலரில் பொத்தான் இல்லாததுதான். ஊரைவிட்டுக் கிளம்புவதற்கு முன்னாலேயே அதைத் தைத்துக் கொடுத்திருக்கலாம் என்று நினைத்தாள். அதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலையில் திருத்தணித் தாலுகா ஆபீஸ் எதிரே இருக்கும் மெஸ்ஸுக்கு வேலைக்குப் போய்விட்டாள். பன்னிரண்டு வருடமாக அவள் சமைக்கிற இடம். மெஸ் நடத்தும் மணியம்மை, இன்னும் ஒரு வாரம் வீட்டில் இரு என்று சொல்ல வாயெடுத்தபோது அனுராதா அரிசி களைந்து முடித்திருந்தாள்.

அதன் பிறகு எட்டு மாதத்துக்கு மேல் ஓடியது. சாம்பாரில் உப்பு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மகள் கயல்விழி அரக்கோணத்தில் கல்லூரிக்குப் போக ஏழு மணி ரயிலுக்கு டிபன் கட்டிக் கொடுத்தாள். வீட்டுச் சொந்தக்காரரிடம் குழாய் ரிப்பேரைப் பற்றிப் பேசினாள். அவளைப் பார்த்தவர்களில் பாதிப் பேர் தைரியசாலி என்றார்கள், பாதிப் பேர் கல்நெஞ்சக்காரி என்றார்கள். இரண்டுமே வேறு யாரையோ பற்றிப் பேசுவதுபோல அவள் காதில் விழுந்தது.

ஜூன் மாதம் சந்திரமோகன் போன் செய்தார். குணசேகரன் வேலை பார்த்த மலையேற்ற கம்பெனியை நடத்துகிறவர். ஜூலைக் கடைசியில் பதினோரு பேர் லடாக் போகிறார்கள், முக்கால்வாசி ரிட்டயர் ஆனவர்கள், நம்ம ஊர்ச் சாப்பாடு இல்லாமல் மூன்று நாள்கூடத் தாங்க மாட்டார்கள், குணசேகரனோடு கூடமாட வேலை பார்த்த ஆள் யாராவது திருத்தணிப் பக்கம் இருந்தால் சொல்லுங்கள் என்று கேட்டார். அனுராதா அப்போது மெஸ்ஸின் பின்பக்கம் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நான் வரேன் சார்" என்றாள்.

 அவர், யோசித்துச் சொல்லுங்கம்மா, அது அதே இடம் என்றார். தெரியும் சார் என்றாள். போனை வைத்துவிட்டு மீதிக் கத்தரிக்காயையும் நறுக்கினாள். ஏன் அப்படிச் சொன்னோம் என்று தனக்குள் கேட்டுப் பார்த்தாள்.  அவன் செத்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்ற ஆசைகூட இல்லை.

குணசேகரனின் தம்பி வளவன் கனகம்மாசத்திரத்தில் மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருந்தான். விஷயம் தெரிந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். "இன்னும் வருசம்கூடத் திரும்பல அண்ணி. ஊருல நாலு பேரு இன்னா பேசுவாங்க? அந்தக் குளுரு உங்களுக்கு ஆகுமா?" என்றான். பொண்டாட்டி மனசு, போய்ப் பார்த்தால்தான் ஆறும் என்று மணியம்மை அவனுக்குச் சமாதானம் சொன்னாள். அப்படியா அண்ணி என்று அவன் கேட்டான். ஆங் என்றாள் அனுராதா. அது எல்லோருக்கும் புரிகிற காரணமாக இருந்ததால் அதையே வைத்துக்கொண்டாள்.

ஸ்டவ் விஷயத்தைச் சொன்னவன் சூர்யபிரகாஷ். அந்தக் கூட்டத்தை அழைத்துக்கொண்டு போகப்போகிற கம்பெனிப் பையன், முப்பது வயது இருக்கும். மேலே குளிரில் சின்ன கேஸ் டப்பாக்கள் ஒழுங்காக எரிவதில்லை, அங்கே வாடகைக்குக் கிடைக்கிற ஸ்டவ்வும் நம்புகிறமாதிரி இல்லை, குணா அண்ணன் ஸ்டவ்வையே கொண்டு வந்துவிடுங்கள் அக்கா என்றான். ஆனால் விமானத்தில் எண்ணெய் ஏற்ற முடியாது. கேஸும் கூடாது, பெட்ரோலும் கூடாது, தீப்பெட்டிகூடப் பெட்டிக்குள் இருக்கக் கூடாது. எண்ணெயை இறங்கின இடத்தில்தான் வாங்க வேண்டும். எண்ணெய் ஊற்றி எரித்த ஸ்டவ்வை ஏற்ற வேண்டுமென்றால் விமானக் கம்பெனியிடம் முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்க வேண்டும். அதை அவன் வாங்கிவிடுவான். ஆனால் ஸ்டவ்வில் ஒரு சொட்டு இருக்கக் கூடாது, வாடையே வரக் கூடாது. முகர்ந்து பார்ப்பார்கள். வாடை அடித்தால் அங்கேயே எடுத்து வைத்துவிடுவார்கள், கெஞ்சினாலும் நடக்காது.

எப்படிக் கழுவ வேண்டும் என்று அவன் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பியிருந்தான். எண்ணெயை வடித்துவிட்டு மூடியைத் திறந்துபோட வேண்டும். பிறகு சமையல் எண்ணெயை ஊற்றிக் குலுக்கி வைத்து அதையும் கொட்ட வேண்டும். அது மிச்சமிருக்கிற மண்ணெண்ணெயை இழுத்துக்கொள்ளும். அப்புறம் சோப்பு, வெயில், காற்று.

கட்டிலுக்கடியில் கோணிப்பைக்குள் இருந்த ஸ்டவ்வை அனுராதா ஒன்பது மாதத்துக்குப் பிறகு வெளியே இழுத்தாள். குணசேகரன் மலையிலிருந்து வரும்போதெல்லாம் அவன் சட்டை, போர்வை, தலைமயிர் எல்லாவற்றிலும் அந்த வாடைதான் இருக்கும். கேஸ் அடுப்பு வந்த பிறகு அந்தச் சந்தில் வேறு எந்த வீட்டிலும் மண்ணெண்ணெய் கிடையாது. கயல் சின்னப் பிள்ளையாக இருந்தபோது மூக்கைப் பிடித்துக்கொண்டு நைனா வந்துட்டாரு என்று ஓடிவருவாள்.

ஸ்டவ்வைத் தூக்கியபோது உள்ளே எண்ணெய் தளும்பியது. கடைசி நாள் ராத்திரிச் சமையலுக்கு அவன் ஊற்றியதில் மிச்சம். அனுராதா அதை ஒரு பாட்டிலில் வடித்தாள். கால் லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது. சாயங்காலம் வந்த வளவன் பாட்டிலைப் பார்த்துவிட்டு, கிருஷ்ணாயில் இப்போதெல்லாம் எங்கேயும் கிடைப்பதில்லை, பேரிங் கழுவ ஆகும், எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டான். எடுத்துக்கொள் என்றாள்.

இரண்டாம் நாள் கயல் கல்லூரியிலிருந்து வந்தபோது ஸ்டவ் மூடி திறந்து வாசலில் காய்ந்துகொண்டிருந்தது.

"அதுல இருந்த எண்ணெய் எங்கம்மா?"

"சித்தப்பா எடுத்துகினு போயிட்டாரு. பேரிங் கழுவறதுக்கு."

"அது நைனா ஊத்துனது."

"ஆங்."

"கடைசியா ஊத்துனதும்மா. உனக்குத் தெரியாதா?"

அனுராதாவுக்குத் தெரியும். வடிக்கும்போதே அது மனதில் வந்துபோனது. "எப்படியும் கொட்டத்தானே வேணும்" என்றாள்.

கயல் பையைக்கூட இறக்கி வைக்காமல் பஸ் ஏறிக் கனகம்மாசத்திரம் போனாள். அதற்குள் வளவன் இரண்டு மோட்டார்களின் பேரிங்கைக் கழுவி, கறுத்துப்போன எண்ணெயைக் கடைக்குப் பின்னால் மண்ணில் ஊற்றிவிட்டிருந்தான். அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு திரும்பி வந்தவன் உள்ளே வராமல் வாசலிலேயே நின்றான். "எனக்குத் தோணவே இல்ல அண்ணி. ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா தொட்டிருக்க மாட்டேன்" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. சாப்பிட்டுப் போ என்றாள் அனுராதா. அவன் சாப்பிடாமல் போனான். கயல் நான்கு நாள் அம்மாவோடு பேசவில்லை. டிபன் டப்பாவை மட்டும் எடுத்துக்கொண்டு போனாள். அனுராதா அதையெல்லாம் எதிர்வீட்டு ஜன்னலில் நடப்பதைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள். மகளைக் கட்டிப்பிடித்து ஏதாவது சொல்ல வேண்டிய நேரம் இது என்று தெரிந்தது. கை எழவில்லை.

ஸ்டவ்வைக் கழுவுவதில் மட்டும் குறை வைக்கவில்லை. கடலை எண்ணெய் ஊற்றி ஒரு ராத்திரி வைத்துக் கொட்டினாள். மறுபடி ஊற்றினாள். சோப்புத் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஊற்றிக் குலுக்கினாள். பம்புக் கம்பியைக் கழற்றி உள்ளேயிருக்கும் தோல் வாஷரை மாற்றினாள். பழைய தோலில்தான் வாடை அதிகமாக இருந்தது. பர்னரை எலுமிச்சம்பழத் தோலால் தேய்த்தாள். மெஸ்ஸுக்குப் போகும்போது மொட்டைமாடி வெயிலில் வைத்துவிட்டுப் போவாள். ஏழாம் நாளுக்கு மேல் அவளுக்கு வாடை இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. மூக்கு பழகிவிட்டது. மணியம்மைக்கு எப்போதும் சளி. வேறு ஆள் இல்லாததால் ஒன்பதாம் நாள் ஸ்டவ்வை எடுத்துக்கொண்டு போய்க் கயலிடம் நீட்டினாள்.

"வாடை வருதா பாரு."

கயல் முதலில் வாங்கவில்லை. பிறகு புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு வாங்கினாள். மூடித் துளையில் மூக்கை வைத்து முகர்ந்தாள். பர்னரை முகர்ந்தாள். தொட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி இன்னொரு தடவை ஆழமாக இழுத்தாள்.

"இல்லம்மா. ஒன்னுமே இல்ல" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் குரல் உடைந்தது. ஸ்டவ்வை மடியில் வைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள்.

அனுராதா பக்கத்தில் நின்றாள். பழைய செய்தித்தாள் எங்கே வைத்தோம், சுற்றிக் கட்ட எத்தனை தாள் வேண்டியிருக்கும் என்று அவள் மனம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. சிறிது நேரம் கழித்துக் கையை மகளின் தலைமேல் வைத்தாள். வைத்திருக்க வேண்டும் என்று தெரிந்ததால் வைத்திருந்தாள்.

*

விமானத்தில் அவளுக்கு அதுதான் முதல் தடவை. சென்னை விமான நிலையத்தில் பெட்டி போடும் இடத்திலிருந்த பெண், அட்டைப்பெட்டிக்குள் என்ன என்று கேட்டாள். ஸ்டவ் என்றதும் மேலதிகாரியைக் கூப்பிட்டாள். சூர்யபிரகாஷ் அனுமதிக் கடிதத்தை நீட்டினான். அந்த ஆள் கடிதத்தை முழுக்கப் படித்துவிட்டு, பெட்டியைப் பிரிக்கச் சொல்லி, ஸ்டவ்வின் மூடியைக் கழற்றிக் குனிந்து முகர்ந்தார்.

"வடை சுட்ட வாசனைதான் வருது" என்றார். "எரிக்கறதுக்கு என்ன பண்ணுவீங்க?"

"அங்க போய் வாங்கிக்கணுங்க."

"அங்க கிடைக்குமா?"

கிடைக்கும் என்று சூர்யபிரகாஷ் சொன்னான். லே ஊரில் ஒரு கடையில் இருபது லிட்டர் சொல்லி வைத்திருந்தான். அதிகாரி தலையாட்டினார். ஆனால் கூட்டத்தில் வந்த பெருமாள் என்ற ரிட்டயர்ட் பேங்க் ஆபீசர், அவசரத்துக்கு ஆகட்டும் என்று யாரிடமும் சொல்லாமல் இரண்டு கேஸ் டப்பாக்களைத் துணிக்கு நடுவில் சுருட்டி வைத்திருந்தார். அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, பெட்டியைத் திறக்கவைத்து, இரண்டையும் எடுத்துக்கொண்டார்கள். அவர் பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்ட பையன்போல முகத்தை வைத்துக்கொண்டு திரும்பி வந்தார். டெல்லியில் விமானம் மாறி மறுநாள் காலையில் லேயில் இறங்கியபோது அவர்களிடம் ஒரு தீக்குச்சி அளவுக்குக்கூட எரிகிற பொருள் இல்லை.

உயரத்துக்கு உடம்பு பழக இரண்டு நாள் சும்மா இருக்க வேண்டும். எல்லோரும் தலையைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தார்கள். இரண்டாம் நாள் சூர்யபிரகாஷுக்கே வாந்தி எடுத்து, எழுந்திருக்க முடியவில்லை. அனுராதாவுக்கு மூச்சு வாங்கியது, அவ்வளவுதான். எண்ணெய் வாங்க அவளே கிளம்பினாள். எந்தச் சைஸ் புனல் வேண்டும் என்று பார்ப்பதற்காக ஸ்டவ்வையும் மடியில் வைத்துக்கொண்டாள்.

ஜீப் டிரைவர் அந்த ஊர்க்காரர். குணசேகரனோடு ஒன்பது வருடம் ஓட்டியதில் சாப்டியா, போலாமா, காரம் என்று நாலைந்து தமிழ் வார்த்தை தெரிந்து வைத்திருந்தார். அவளுக்குக் குணசேகரன் போனில் சொல்லிக் கொடுத்த இந்தி கொஞ்சம் தெரியும். மிட்டி கா தேல். மண்ணெண்ணெய்க்கு அங்கே அதுதான் பேர். மிட்டி என்றால் மண், தேல் என்றால் எண்ணெய், நம்ம வார்த்தையேதான் பார் என்று அவன் ஒருமுறை ஆச்சரியப்பட்டிருக்கிறான்.

போகும் வழியில் டிரைவர் குணா என்று ஆரம்பித்து ஏதோ சொன்னார். அவளுக்குப் புரியவில்லை என்று தெரிந்ததும் வண்டியை ஓரம் கட்டி, பின்சீட்டைக் காட்டி, கையால் மடக்கிக் காட்டினார். இரண்டு உள்ளங்கைகளைச் சேர்த்துக் கன்னத்தில் வைத்துப் படுப்பதுபோலக் காட்டினார். சாலை முடிகிற இடத்திலிருந்து குணசேகரனைக் கீழே கொண்டு வந்தது அந்த ஜீப்தான். அனுராதா திரும்பிப் பார்த்தாள். சீட் மடக்கித்தான் இருந்தது. அதன்மேல் அவர்கள் கொண்டுவந்த காலி எண்ணெய்க் கேன் உருண்டுகொண்டிருந்தது. கையை நீட்டி அதை நிமிர்த்தி வைத்தாள்.

சொல்லி வைத்திருந்த கடையில் எண்ணெய் இல்லை. கீழே மலை சரிந்து சாலை அடைத்துக்கொண்டதில் எட்டு நாளாக டேங்கர் வரவில்லை என்று கடைக்காரர் கையை விரித்தார். கேஸ் டப்பா விற்கிற இரண்டு கடைகளிலும் வெளிநாட்டுக்காரர்கள் வாரிக்கொண்டு போய்விட்டார்கள். இன்னும் மூன்று இடம் ஏறி இறங்கினார்கள். மிட்டி கா தேல் என்று கேனைத் தூக்கிக் காட்டுவாள். அவர்கள் தலையை ஆட்டுவார்கள். பெட்ரோல் வாங்கி ஊற்றலாமே என்று டிரைவர் பங்க்கைக் காட்டினார். அனுராதா ஸ்டவ்வைத் தட்டி, கையை விரித்து வெடிப்பதுபோலக் காட்டினாள். இந்த ஸ்டவ்வில் பெட்ரோலை ஊற்றிப் பம்பு அடித்தால் கூடாரத்தோடு போக வேண்டியதுதான்.

கடைசியில் டிரைவர் ஊருக்கு வெளியே ஒரு தோட்டத்து வீட்டுக்கு ஓட்டினார். அங்கே ஒரு கிழவர் ஆப்ரிகாட் பழங்களைத் துணியில் பரப்பிக் காயவைத்துக்கொண்டிருந்தார். பல வருடம் பஜாரில் எண்ணெய்க் கடை வைத்திருந்தவர், போன மழைக்குப் பிறகு மூடிவிட்டார். அவர் அனுராதாவைப் பார்க்கவில்லை. அவள் கையிலிருந்த ஸ்டவ்வைப் பார்த்தார். பற்றவைத்த காலை விரலால் தடவினார். முகம் மலர்ந்துபோய், "குணா?" என்றபடி அவளைத் தாண்டி ஜீப்பைப் பார்த்தார்.

செத்துப்போனான் என்பதற்கு இந்தி வார்த்தை அவளுக்குத் தெரியாது. குணசேகரன் அதைச் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. டிரைவர் மெதுவாகச் சொன்னார். கிழவர் கேட்டுக்கொண்டே பழங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் குளிர்காலம் முழுக்க ஜம்முவில் மகள் வீட்டில் இருந்தவர், சேதி எட்டவில்லை.  அனுராதா நின்றுகொண்டிருந்தாள். அவருக்காவது தெரிந்திருக்கிறதே, எப்படி உட்கார வேண்டும் என்று ஒரு நினைப்பு ஓடியது.

பிறகு அவர் எழுந்து உள்ளே போய் ஒரு நீலக் கேனைத் தூக்க மாட்டாமல் தூக்கிக்கொண்டு வந்தார். வீட்டுக் கணப்புக்கு வாங்கிச் சேர்த்து வைத்த எண்ணெய். பதினைந்து லிட்டருக்கு மேல் இருக்கும். முழுவதையும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். புடவைத் தலைப்பால் வடிகட்டி அவர்களே மாற்றிக்கொண்டார்கள். கிளம்பும்போது கிழவர் ஏதோ கேட்க நினைத்து, வேண்டாம் என்று விட்டுவிட்டார். டிரைவர் வற்புறுத்தியதும், "அச்சார்?" என்று கூச்சத்தோடு கேட்டார்.

ஊறுகாய். குணசேகரன் ஒவ்வொரு வருடமும் நார்த்தங்காய் ஊறுகாயில் ஒரு பாட்டில் தனியாகப் போடச் சொல்வான். யாருக்கு என்று அவள் கேட்டதில்லை. கூட்டத்துக்குத்தான் என்று நினைத்திருந்தாள். இந்த வருடமும் கை பழக்கத்தில் ஒன்று கூடுதலாகப் போட்டு எடுத்து வந்திருந்தாள். தங்கியிருந்த இடத்துக்குப் போய் அதை எடுத்துக்கொண்டு அதே ஜீப்பில் திரும்பி வந்து கொடுத்தாள். கிழவர் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு அவள் தலையில் கை வைத்தார். அந்தக் கை சில்லென்று இருந்தது.

நடக்க ஆரம்பித்த மூன்றாம் நாள் மத்தியானம் அந்த ஓடைக்கரைக்கு வந்தார்கள். சூர்யபிரகாஷ் அவள் பக்கத்தில் வந்து, ஒரு பெரிய பாறைக்கு இந்தப் பக்கம் இருந்த சமதரையைக் காட்டினான். "இதான் அக்கா" என்றான். வேண்டுமானால் முகாமைக் கொஞ்சம் தள்ளிப் போடலாம் என்றான். எதற்கு, இங்கே காற்று அடிக்காது என்றாள் அனுராதா. அவள் அங்கே போய் நின்றாள். சாம்பல் நிறக் கூழாங்கற்கள். நடுநடுவே மஞ்சளாகச் சின்னச் சின்னப் பூ. தண்ணீர்ச் சத்தம். இதற்காகத்தான் வந்தோமா என்று காத்திருந்தாள். கற்பூரம் கொண்டு வந்திருக்கலாம் என்று தோன்றியது. பிறகு, அதையும் விமானத்தில் விட்டிருக்க மாட்டார்கள் என்று தோன்றியது. வெயில் இறங்கத் தொடங்கியதும் கல் அடுக்கி ஸ்டவ்வை வைத்துப் பம்பு அடித்தாள்.

சாயங்காலம் எல்லோரும் சூட்டுக்காக ஸ்டவ்வைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பெருமாள் இரண்டாவது தடவையாக ரசம் வாங்கிக் குடித்துவிட்டு, மூன்று வருடத்துக்கு முன்னால் இதே கம்பெனியோடு வேறொரு மலைக்குப் போனபோது ஒருத்தர் வந்திருந்தார், அவர் வைத்த ரசம் அப்படியே இதேமாதிரி இருக்கும் என்றார். "அவரு இப்ப வரதில்லையாம்மா?" என்று கேட்டார்.

சூர்யபிரகாஷ் தட்டிலிருந்து தலையைத் தூக்கினான்.

"இல்லைங்க. அவரு என் வூட்டுக்காரரு. செத்துட்டாருங்க. போன வருசம், இங்கதான்" என்றாள் அனுராதா. மெஸ்ஸில் சாம்பார் தீர்ந்துவிட்டது என்று சொல்கிற அதே குரல். அந்த வார்த்தையை அவள் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. இதுவரை அவளுக்காக வேறு யாராவது சொல்லிவிடுவார்கள்.

பெருமாள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். 

"குடிச்சிடுங்க, ஆறிடும்" என்றாள்.

அவர் எடுத்துக் குடித்தார். சாப்பாடு முடிந்ததும், வேண்டாம் வேண்டாம் என்று அவள் சொல்லியும் கேட்காமல், கை விறைக்கிற ஓடைத் தண்ணீரில் பாத்திரம் முழுவதையும் அவரே உட்கார்ந்து துலக்கினார். அனுராதா அன்றைக்குத் தூங்கினாள். கனவு ஒன்றும் வரவில்லை.

எட்டு நாள் நடையும் நல்லபடியாக முடிந்தது. யாருக்கும் காய்ச்சல் இல்லை, எண்ணெயும் போதுமானதாக இருந்தது. மூன்று லிட்டர் மிச்சம்கூட ஆனது. அதை விமானத்தில் கொண்டுபோக முடியாது. அனுராதா அதைக் கிழவர் வீட்டிலேயே திருப்பிக் கொடுத்தாள். ஸ்டவ்வையும் துடைத்து அங்கேயே ஒரு மூலையில் வைத்துவிட்டாள். அண்ணன் பொருளாச்சே அக்கா என்று சூர்யபிரகாஷ் தயங்கினான். அடுத்த வருடமும் இங்கேதானே சமைக்கணும், தூக்கிகினு போய் தூக்கிகினு வருவானேன் என்றாள். அடுத்த வருடமும் வருவாள் என்பது அப்படித்தான் முடிவானது. அவன் சந்திரமோகனுக்குப் போன் செய்து சொன்னான்.

அவள் திருத்தணியில் ரயிலைவிட்டு இறங்கியது ஆடிக் கிருத்திகைக்கு முந்தின நாள். பிளாட்பாரம் முழுக்கக் காவடியும் மஞ்சள் துணியும் மொட்டைத் தலையும். கயல் படிக்கட்டுப் பக்கம் நின்று கையசைத்தாள். பையை வாங்கிக்கொண்டாள். ஆட்டோ எதுவும் நகர முடியாது என்று போலீஸ்காரர் சொன்னதால் நடந்தே போனார்கள். பம்பை மேளச் சத்தத்தில் பேச முடியவில்லை. சந்து திரும்பியதும் கயல் கேட்டாள்.

"அந்த எடத்தப் பாத்தியா?"

"பாத்தேன்."

"எப்டி இருந்துச்சும்மா?"

"கல்லுதான். பக்கத்துல தண்ணி ஓடுது. மஞ்சளா பூ பூத்திருந்துச்சு."

"நீ அழுதியா?"

அனுராதா நடந்துகொண்டே கொஞ்சம் யோசித்தாள். "இல்ல. வரல" என்றாள்.

கயல் தலையை ஆட்டினாள். கோபம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. சித்தப்பா ரெண்டு தடவை போன் பண்ணாரு, அண்ணி வந்துட்டாங்களா வந்துட்டாங்களான்னு கேட்டுகினே இருந்தாரு என்றாள். மணியம்மையும் சொல்லி அனுப்பியிருந்தாள். நாளைக்குக் கிருத்திகைக் கூட்டம், நானூறு சாப்பாட்டுக்குக் குறையாது, முடிந்தால் வா, இல்லாவிட்டால் ஓய்வெடு என்று.

அனுராதா வீட்டுக்குள் போய்க் குளித்துவிட்டு, நாலரை மணிக்கு எழுப்பிவிடச் சொல்லிப் படுத்தாள். மறுநாள் கயலும் கூட வந்தாள். தாயும் மகளும் மெஸ்ஸின் பின்பக்கம் எதிரெதிரே உட்கார்ந்து மத்தியானம்வரை வெங்காயம் உரித்தார்கள்.